சாவி முன் டயர் மேல்

இது கட்டுக்கதை இல்லை. ஒகினாவா தீவில், ஓர் அமெரிக்க ராணுவ மருத்துவமனையில், பட்டப்பகலில் நடந்தது. அங்கே ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பல வருடம் குப்பை கொட்டியவன் நான். சம்பந்தப்பட்டவள் தன் வாயாலேயே என்னிடம் சொன்னாள். பேய்க்கு ராத்திரிதான் நேரம் என்று நினைப்பவர்கள், படித்துவிட்டு மத்தியானம் தனியாகத் தூங்கிப் பாருங்கள்.

அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஒரு டாக்டரைத் தேடினார்கள். தேடினார்கள், தேடினார்கள், ஆள் சிக்கவில்லை. சொந்த நாட்டை விட்டு இவ்வளவு தூரம், அதுவும் இந்தப் புயல் தீவுக்கு யார் வருவார்கள்? வருகிறேன் என்று தலையாட்டியவர்களும் கடைசி நேரத்தில் கழன்றுகொண்டார்கள். அதுவரை பிரிவைத் தாங்கிப் பிடித்தவள் டாக்டர் கார்லா. தலைமைப் பொறுப்பும் தற்காலிகமாக அவளிடம்தான். புது ஆள் வந்ததும் தனக்குக் கீழே போடுவார்கள், நாற்காலி தனக்கே நிரந்தரம் என்று மனக்கோட்டை கட்டியிருந்தாள்.

கடைசியில் ஆள் கிடைத்தது. பெயர் வெண்டி. கணினித் திரையில் நேர்காணல் நடந்தபோது கார்லாவும் உட்கார்ந்திருந்தாள். வெண்டி சிரித்தாள், மேலதிகாரிகள் எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள். தலைமைப் பதவியையே தூக்கி அவளிடம் கொடுத்துவிட்டார்கள்.

கார்லாவுக்கு வயிறு பற்றி எரிந்தது. போதாக்குறைக்கு மருத்துவமனைக் கமாண்டர் எண்ணெயும் ஊற்றினார்.

"கார்லா, வெண்டிக்கு நீதாம்மா ஸ்பான்சர்."

அங்கே அது ஒரு வழக்கம். புதிதாக வருகிறவருக்கு, ஏற்கெனவே இருக்கிற ஒருவர் துணை. விமான நிலையத்துக்குப் போய் அழைத்து வர வேண்டும். புது வீட்டு ஃப்ரிட்ஜில் பால், முட்டை, ரொட்டி வாங்கி வைக்க வேண்டும். யாரும் தட்டிக்கழிக்கமாட்டார்கள்.

"மாப்பிள்ளையோட பழைய காதலிகிட்டயே கல்யாண கேக் செய்யச் சொன்ன மாதிரி இருக்கே டாக்டர்," என்று நர்ஸ் டுவெய்ன் சீண்டினான்.

"வாயை மூடிட்டு வேலையப் பாரு."

கார்லா ஃப்ரிட்ஜை நிரப்பவில்லை. தன் வீட்டிலிருந்து பாதி தீர்ந்துபோன கடுகு சாஸ் பாட்டில் ஒன்றைக் கொண்டுபோய் வைத்தாள். அது மட்டும்தான். யாருக்கும் தெரியாது. கதவைச் சாத்தும்போது ஒரு சின்ன சந்தோஷம்.

வெண்டி வரும் நாளில் புயல் எச்சரிக்கை. விமானம் காலையிலேயே இறங்கிவிடும். கார்லா போயிருக்கலாம். போகவில்லை. ஊரை விட்டுப் போன ஒரு டாக்டர் புது ஆளுக்கென்று விட்டுச்சென்ற பழைய வெள்ளைக் கார் இருந்தது. அதை முந்தின நாளே விமான நிலையத்தில் நிறுத்திவிட்டு வந்தாள். பிறகு ஒரு குறுஞ்செய்தி. 'சாவி முன் டயர் மேல். நீங்களே வந்துவிடுங்கள்.'

வழி தெரியாமல் நாலு இடம் சுற்றட்டும். முதல் நாளே தாமதமாக வந்து அசடு வழியட்டும். அவ்வளவுதான் அவள் நினைத்தது.

மதியம் புயல் கரையைத் தொட்டது. ஜன்னல்களுக்கு இரும்புத் தட்டிகள் போட்டிருந்தார்கள். தட்... தட்... தட்... என்று அவை அடித்துக்கொண்டன. மின்சாரம் போய், ஜெனரேட்டர் உறுமியது. உள்ளே மங்கிய மஞ்சள் வெளிச்சம்.

ஜப்பானிய ஆம்புலன்ஸ் ஒன்று ஒரு பெண்ணைக் கொண்டுவந்தது. கார் விபத்து. முகமெல்லாம் ரத்தம், வீக்கம். நினைவில்லை. காரில் அமெரிக்க ராணுவத்தார் வண்டிக்கான நம்பர் பலகை இருந்ததால் இங்கே கொண்டுவந்தார்களாம். பை, அடையாள அட்டை எல்லாம் நொறுங்கிய காருக்குள்ளேயே கிடந்தன.

கார்லா குனிந்தாள். வயிறு வீங்கியிருந்தது. உள்ளே ரத்தக் கசிவு என்று முடிவு செய்தாள்.

"கார்லா... இடது பக்கம் மார்பைப் பாருங்க."

நிமிர்ந்தாள். கட்டிலின் மறுபக்கம் வெண்டி.

திரையில் பார்த்த அதே முகம். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தானாகத் திறக்கும் கதவு திறந்த சத்தமே கேட்கவில்லையே என்று கார்லாவுக்கு ஒரு கணம் தோன்றியது.

"நுரையீரலைச் சுத்திக் காத்து அடைச்சிருக்கு. ஊசியைக் குத்தி வெளிய விடுங்க."

வந்து ஒரு நிமிடம் ஆகவில்லை, அதற்குள் நாட்டாமை! கார்லாவுக்கு உச்சந்தலை கொதித்தது.

"இன்னிக்கு வரைக்கும் இது என் வார்டு. வெளிய போய் உக்காருங்க!"

டுவெய்ன் கட்டிலில் கிடந்தவளைப் பார்த்தான். பிறகு கார்லாவைப் பார்த்தான்.

"அவங்களுக்குக் கேக்காது டாக்டர்," என்றான் மெதுவாக.

கார்லா ஸ்டெதாஸ்கோப்பை வைத்தாள். தட்... தட்... தட்... தட்டிகளின் சத்தத்தில் மூச்சுச் சத்தம் எதுவும் பிடிபடவில்லை.

"இடது பக்கம், கார்லா. நேரமில்ல..."

இடது பக்கம்தான் என்று கார்லாவுக்கே பட்டது. கழுத்து நரம்புகள் புடைத்துக்கொண்டு நின்றன. ஆனால் வெண்டி சொல்லி, தான் செய்வதா? கை அந்தப் பக்கம் போகவில்லை. மறுபடியும் வயிற்றையே அழுத்தினாள்.

மானிட்டரில் எண்கள் இறங்கின.

இன்னும் இறங்கின.

கார்லா ஊசியைப் பிடுங்கி இடது மார்பில் குத்தினாள்.

ஸ்ஸ்ஸ்ஸ்...

காற்று வெளியேறியது. நிறையக் காற்று.

ஆனால் பிந்திவிட்டது. மாரை அழுத்திப் பார்த்தார்கள், மருந்து ஏற்றினார்கள். கோடு எழும்பவே இல்லை.

வெண்டி கோபப்படவில்லை. தலையைச் சாய்த்து கார்லாவையே பார்த்தாள்.

"நீங்க வந்து கூட்டிட்டுப் போவீங்கன்னு நினைச்சேன்..."

கார்லா கண்ணை மூடித் திறந்தாள்.

யாரும் இல்லை.

தண்ணீர் சொட்டிய இடத்தில் தரை காய்ந்து கிடந்தது.

"டாக்டர், கையில ஏதோ வச்சிருக்காங்க," என்றான் டுவெய்ன்.

இறந்தவளின் மூடிய விரல்களைப் பிரித்தான்.

ஒரு கார் சாவி. அதில் தொங்கியது பச்சைப் பிளாஸ்டிக் தவளை.

வெள்ளைக் காரை விமான நிலையத்தில் விட்டபோது, அடையாளத்துக்கென்று கார்லாவே மாட்டிவிட்டது.

பிறகு போலீஸ் சொன்னது. தீவில் நம் ஊர் போல இடது பக்கம் ஓட்ட வேண்டும். வெகு நேரம் வழி தெரியாமல் சுற்றிய வெண்டி, பிறந்த நாட்டுப் பழக்கத்தில் வலது பக்கம் ஏறிவிட்டாள். மழையில் எதிரே லாரி. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து, "இடது, இடது" என்று சொல்லியிருந்தால் போதும்.

யாரும் கார்லாவைக் குறை சொல்லவில்லை. எல்லாப் பழியும் புயல்மேல் போனது. தலைமை நாற்காலியும் அவளுக்கே கிடைத்தது. டுவெய்ன் மட்டும் ஒருநாள் கேட்டான்.

"அன்னிக்கு யாரை வெளிய போகச் சொன்னீங்க?"

கார்லா அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விட்டாள்.

மறுபடியும் டாக்டர் தேடினார்கள். லாய்ட் என்று ஒருவர் கிடைத்தார். கார்லா தானே கேட்டு ஸ்பான்சர் ஆனாள். காலையிலேயே விமான நிலையத்தில் பெயர்ப் பலகையோடு நின்றாள். பால், முட்டை, ரொட்டி எல்லாம் அவள் கார் பின்சீட்டில் இருந்தன.

விமானம் இறங்கியது. எல்லோரும் வந்தார்கள். லாய்ட் வரவில்லை.

வெகு நேரம் கழித்து போன் அடித்தது.

"டாக்டர் கார்லா? நான் லாய்ட். வீட்டுக்கு வந்து சேந்துட்டேன். ஆள் அனுப்பினதுக்கு ரொம்ப நன்றி."

"நான்... யாரையும் அனுப்பலையே."

"பழைய வெள்ளைக் கார்ல வந்தாங்களே? நல்லா சிரிச்ச முகம். தலையெல்லாம் ஈரம். வெளிய மழையே இல்ல, நானும் கேக்கல. வழி பூரா வலது பக்கமாவே ஓட்டினாங்க, உயிரே போயிடுச்சு போங்க! ஆனா ஃப்ரிட்ஜ் நிறைய சாமான் வாங்கி வச்சிருக்காங்க."

கார்லா பெயர்ப் பலகையைக் கீழே வைத்தாள்.

"ஆமா, ஒரு பாட்டிலை என் கையில குடுத்துட்டுப் போனாங்க. பாதி தீந்துபோன கடுகு சாஸ். இது கார்லாவோடது, மறக்காம திருப்பிக் குடுத்துடுங்கன்னாங்க..."