'மறைந்துபோன' என்று போடமாட்டேன்

பிரெஞ்சு பேசும் தமிழ்க் குடும்பங்களைப் பற்றிப் பன்னிரண்டு வருஷமா எழுதிக்கிட்டிருக்கேன். பாண்டிச்சேரியிலிருந்து பிரெஞ்சுப் பட்டாளத்துக்குப் போனவங்க வம்சம். சென்னீர்குப்பத்துல என் ஃப்ளாட்காரங்ககிட்ட இதைச் சொன்னா, "அவங்கல்லாம் இப்ப எங்க மேடம் இருக்காங்க?"ம்பாங்க. கோவில்பதாகையில ஒரு அக்கா இருக்காங்க, போய்ப் பாருங்கன்னு சொல்லிச் சொல்லி அலுத்துட்டேன்.

அந்த அக்கா ரிட்டயர்டு கணக்கு டீச்சர். வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்துல வேலை பார்த்தவர், இப்ப இல்லை. அக்கா ஜெபம் சொல்றதும் போன்ல மகளைத் திட்டுறதும் பிரெஞ்சுலதான். என் புத்தகத்துல பாதி அவங்க சொன்னது.

புத்தகம் அச்சுக்குப் போற நேரத்துல பதிப்பாளர் போன் பண்ணார். தலைப்பை 'மறைந்துபோன பிரெஞ்சுத் தமிழர்கள்'னு மாத்தணுமாம். "அழிஞ்சுபோச்சுன்னாத்தான் மேடம் ஜனங்க வாங்கும்." யோசிச்சுச் சொல்றேன்னு வச்சுட்டேன். உண்மையைச் சொன்னா, பாதி மனசு சம்மதிச்சிடுச்சு. எப்படியாவது அச்சுல பார்த்தாப் போதும்னு ஆயிடுச்சு எனக்கு. வெட்கக்கேடு.

மறுநாள் அக்காவை ஸ்கூட்டியில குமணன்சாவடி நோட்டரி ஆபீஸுக்குக் கூட்டிட்டுப் போனேன். அவங்க உயிரோட இருக்காங்கன்னு வருஷா வருஷம் ஒருத்தர் கையெழுத்துப் போட்டு பிரான்ஸுக்கு அனுப்பணும். அப்பத்தான் வீட்டுக்காரரோட பென்ஷன் நிக்காம வரும். அங்க இருந்த கிளார்க் பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாமா இது, நீங்கதான் எதுர்லயே குந்திகினு கீறீங்களே. இதுக்கு இன்னாத்துக்குப் பேப்பரு?"

அக்கா சிரிக்கல. "வருஷம் தவறாம, நான் இன்னும் சாகலைன்னு எழுதிக் குடுத்துட்டிருக்கேன் தம்பி"ன்னாங்க.

எனக்குச் சுருக்குன்னுச்சு. வெளியில வந்ததும் தலைப்பு விஷயத்தைச் சொல்லிட்டேன்.

"நீ என்ன சொன்னே?"

"யோசிக்கிறேன்னு சொன்னேன்கா."

அவங்க பார்த்த பார்வையில கூசிப்போனேன். "போனைப் போடு"ன்னாங்க. பதிப்பாளர் ஹலோ சொன்னதுதான் தாமதம், போனைப் பிடுங்கி பிரெஞ்சுல அந்த ஆளைப் பிடிபிடின்னு பிடிச்சாங்க. பஸ் ஹாரனையும் மீறிக் கேட்டுச்சு. பஸ்ஸுக்கு நின்னவங்க எல்லாம் திரும்பிப் பார்த்தாங்க. மூச்சு வாங்கினப்புறம்தான் போனை என்கிட்ட நீட்டினாங்க.

"யாருங்க அது? ஒண்ணுமே புரியலை"ன்னார் பதிப்பாளர்.

"மறைஞ்சுபோனவங்க. தலைப்பு மாறாது சார்."

"அப்ப நாங்க போடமுடியாதும்மா."

"போடாதீங்க."

பன்னிரண்டு வருஷ உழைப்பு ஒரே கவர்ல கூரியர்ல திரும்பி வந்துச்சு. பிரிக்காமலே உட்கார்ந்து அழுதேன். அன்னிக்கே அக்கா போன் பண்ணாங்க. ஆறுதலா ஒரு வார்த்தை சொல்லல. அடுத்த பதிப்பாளர் நம்பர் கேட்டாங்க.