ஒரு ஆள் போகும் அகலம்

சிரட்டைக்கரியைச் சுண்ணாம்புச் சுவரில் அழுத்தி இழுத்தால் பல் கூசும்படி ஒரு சத்தம் வரும். இன்று கணினிப் பலகையில் சத்தமே எழாத பேனாவால் படக்கதை வரைந்து, நானே அச்சுக்குக் கொடுத்து, நானே விற்கும் எனக்கு அந்தச் சத்தம் காதில் விழாத நாளில்லை. கூடவே கோபமும் வரும். சிறுவயது நினைவென்றால் இனிக்க வேண்டும் என்று யார் சொன்னார்களோ தெரியவில்லை.

கேரள எல்லையோரம், பாறசாலைக்கும் உதியன்குளங்கரைக்கும் நடுவே எங்கள் ஊரில் ஒரு ஆள் நடந்துபோகும் அகலத்தில் ஒரு "ஊடுவழி" இருந்தது. பள்ளிக்கூடத்துக்கும் பஸ்ஸுக்கும் ஆஸ்பத்திரிக்கும் எல்லாரும் அதில்தான் போனோம். நான் ஏழாம் வகுப்புக்குப் போகவிருந்த கோடையில், இருபுறமும் விளைகளில் ரப்பர்த் தோட்டம் வைத்திருந்த முதலாளி அதன் குறுக்கே நீளமாகச் சுவர் எழுப்பி வெள்ளையும் அடித்துவிட்டார். பள்ளி திறந்தபோது ஊரே வாயை மூடிக்கொண்டு சுவரையொட்டிச் சுற்றிப் போனது. எனக்குப் பொறுக்கவில்லை.

சுவரில் இடையிடையே தூண்கள் இருந்தன. இரண்டு தூண்களுக்கு நடுவே ஒரு கட்டம் என்று வைத்துக்கொண்டு, வழியைத் தின்று வயிறு பெருத்த ஒருவரின் கதையை நாளுக்கொரு கட்டமாகக் கரியால் வரைந்தேன். காலையில் போகிறவர்கள் முதலிலிருந்து பார்ப்பார்கள், மாலையில் திரும்புகிறவர்கள் கடைசியிலிருந்து; எந்தப் பக்கமிருந்து வந்தாலும் புரிய வேண்டுமே என்று ஒவ்வொரு கட்டத்தையும் தனியாக நிற்கும்படி வரையப் பழகியது அங்கேதான். எல்லாரும் நின்று சிரித்தார்கள். "நாளைக்கி என்னட்டீ ஆவும்?" என்று வழிமறித்துக் கேட்டார்கள். கடைசிக் கட்டத்தில் சுவர் திறந்து ஊர் நடந்துபோகும் என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

அந்தக் கட்டம் வரைவதற்குள் முதலாளி பார்த்துவிட்டார். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தார். சிரித்ததாக ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. வரைந்தவள் பெயரை மட்டும் எல்லாரும் சொன்னார்கள், சர்ச்சில் எங்களோடு ஒரே பெஞ்சில் இருப்பவர்கள்கூட. என் அம்மை அவருடைய விளையில்தான் ரப்பர்ப் பால் வெட்டிக்கொண்டிருந்தாள். "ஒனக்க மவ வரச்சத நீயே தொடச்சிற்று வேலைக்கி வந்தா போரும்" என்றார் அவர்.

அம்மை ஈரத் தேங்காய் மட்டையால் தேய்த்தாள். கரி போகவில்லை, பரவியது. சுவரும் கறுத்து அவள் முழங்கை வரை கறுத்தது. சுற்றி நின்று பார்த்த ஊரில் ஒரு கைகூட உதவிக்கு நீளவில்லை. வீட்டுக்கு வந்தபிறகு, "மக்கா, நீ வரச்சது உள்ளதாக்கும். ஆனாலும் நமக்கு இங்க கெடந்து பொழைக்கண்டாமா?" என்றாள். முதலாளியைவிட அந்தச் சிரித்த வாய்கள் மேல்தான் எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை.

என் கதைகள் எல்லாவற்றிலும் கடைசிக் கட்டத்தின் எல்லைக்கோடு முழுதாக மூடாது. ஒரு ஆள் நடந்துபோகும் அகலம் விட்டுவைப்பேன். போன மாதம் வந்த புதிய புத்தகத்தில், அச்சகக்காரர் அதைப் பிழை என்று நினைத்து, நல்ல மனதோடு மூடிவிட்டார். கேட்டால், "சின்னக் கோடுதானே அக்கா" என்கிறார்.

ஊடுவழி இப்போது இல்லை. அம்மையும் இல்லை. சுவர் மட்டும் இன்னும் உயர்ந்து, கேமரா வைத்துக்கொண்டு நிற்கிறது. அன்று சிரித்தவர்களின் பேரப்பிள்ளைகள் அதைச் சுற்றித்தான் பள்ளிக்கூடம் போகிறார்கள். நான் வெள்ளை மையைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பிரதியாக எடுத்து, அந்தக் கோட்டின் மேல் பூசி வழியைத் திறந்துகொண்டிருக்கிறேன்.