அக்காவிடம் நான் சொல்லாமல் விட்டது

அக்காவின் வலது காதுக்குள், கேட்கும் நரம்பை ஒட்டி ஒரு சின்னக் கட்டி இருந்தது. நியாலாஸில் ஒரு பள்ளிக் கேன்டீனில் சமைப்பவள் அவள். எனக்கு ஆயர் குரோவில் அலுவலக வேலை. கோலாலம்பூர் மருத்துவமனைக்கு ஒவ்வொரு முறையும் நான்தான் விடுப்பெடுத்து அழைத்துப் போவேன்.

அன்று அறுவை மருத்துவர் ஆங்கிலத்தில் விளக்கினார். கட்டி சிறியதுதான். ஆனால் சொற்களைப் பிரித்துக் கேட்கும் சோதனையில் அக்கா நிறையத் தவறவிட்டிருந்தாள். அப்படிப்பட்டவர்களுக்கு அறுவைக்குப் பிறகு கேட்கும் திறன் மிஞ்சுவது அரிது, உறுதியாக எதையும் முன்கூட்டிச் சொல்ல முடியாது என்றார். அவசரமில்லை, ஆறு மாதம் பொறுத்து இன்னொரு ஸ்கேன் எடுத்தும் பார்க்கலாம், பொறுத்தாலும் கேட்பது மெல்லக் குறையலாம் என்றும் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, எல்லாவற்றையும் அக்காவுக்குச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார்.

"என்னடா சொல்றாரு?"

"கட்டி சின்னதுதானாம்க்கா. எடுத்துட்டா எல்லாம் சரியாயிடும்."

"காது கேக்கும்லா?"

"கேக்கும்."

அவள் கையெழுத்துப் போட்டாள்.

கட்டி முழுதாக வந்துவிட்டது. பக்கத்திலிருக்கும் முக நரம்புக்கு ஒன்றும் ஆகாததால் முகம் கோணவில்லை. வலது காது மட்டும் அடியோடு போய்விட்டது. கேன்டீன் இரைச்சலில் வலப்பக்கமிருந்து பிள்ளைகள் கூப்பிட்டால் அவளுக்குத் தெரியவில்லை. "ஆண்ட்டி சொம்போங்லா," திமிர் பிடித்தவள் என்று அவர்கள் சொல்லிக்கொண்டதை இடது காதால் கேட்டுவிட்டு வந்து, என்னிடம் சிரித்தபடியே சொன்னாள். என்னால் சிரிக்க முடியவில்லை.

மூன்றாம் மாதப் பரிசோதனைக்குப் போனபோது இருந்தவர் ஒரு தமிழ் மருத்துவர். கோப்பைப் புரட்டிக்கொண்டே, "காது கேக்குறதுக்கு வாய்ப்பு கம்மின்னு முன்னாடியே சொல்லியிருக்காங்க. வெயிட் பண்ணலாம்னும் சொல்லியிருக்காங்க. நீங்கதான் ஆப்பரேஷன் வேணும்னு முடிவு பண்ணீங்க, இல்லீங்களாம்மா?" என்றார்.

அக்கா என் பக்கம் திரும்பினாள். பிறகு மருத்துவரிடம், "ஆமாங்க டாக்டர்," என்றாள்.

என்னை அவர் முன்னால் காட்டிக்கொடுக்கவில்லை. அதுதான் என்னைக் கூனிக் குறுக வைத்தது.

காரில் ஏறியதும் கேட்டாள். "ஏன்டா சொல்லல?"

"நீ பயந்துடுவேன்னுதான்க்கா."

அதுவும் பொய். சிரம்பான் தாண்டும்வரை அந்தப் பொய்யைச் சுமந்துகொண்டே ஓட்டினேன். அதற்குமேல் முடியாமல் நெடுஞ்சாலை ஓய்விடத்தில் வண்டியை நிறுத்தி உண்மையைச் சொன்னேன். விடுப்பு தீர்ந்துகொண்டிருந்தது. மேலாளர் முகத்தைச் சுளித்தார். இன்னும் ஆறு மாதம், மறுபடி ஸ்கேன், மறுபடி இந்தப் பயணம் என்று நினைக்கவே எனக்கு அலுப்பாக இருந்தது. அதனால்தான் சொல்லவில்லை.



"அத அன்னைக்கே சொல்லியிருந்தா நான் பஸ்ஸுல போயிருப்பேனேடா," என்றாள் அக்கா.

"ஒருவேளை நீயும் ஆப்பரேஷன்தான் வேணும்னு சொல்லியிருப்ப..."

"சொல்லியிருப்பேன். இல்ல, சொல்லியிருக்க மாட்டேன். எனக்கென்ன தெரியும்? நீ என்னைக் கேக்கவே இல்லையே."

அதற்குப் பிறகும் அவள் என்னோடு பேச்சை நிறுத்தவில்லை. தீபாவளிக்கு முறுக்குக்கூடக் கொடுத்தனுப்பினாள். அடுத்த பரிசோதனைக்கும் என் காரில்தான் வந்தாள். பின்னிருக்கையில், ஆங்கிலம் தெரிந்த பக்கத்து வீட்டுப் பெண் உட்கார்ந்திருந்தாள். மருத்துவமனையில், மருத்துவர் அறைக்குள்ளிருந்து அக்காவின் பெயரைக் கூப்பிட்டதும் பழக்கதோஷத்தில் நானும் எழுந்தேன்.

"நீ இங்கேயே உக்காரு தம்பி," என்றாள் அக்கா, கோபமே இல்லாமல்.

அந்தப் பெண்ணோடு அவள் உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது.