முதல் நடையைப் பார்க்காத ஆயா

எங்கள் குடியிருப்பில் அவரை ஏழாம் மாடி ஆயா என்பார்கள். அதற்கு முன்னால் வேலை பார்த்த வீட்டில் இரட்டைக் குழந்தைகள் இருந்ததால் அவர் இரட்டை ஆயா. அதற்கும் முன்னால், ஒரு வங்கி மேலாளர் வீட்டில், வெறும் அக்கா. வீடு மாறினால் ஆளின் பெயரும் மாறிவிடும் தொழில் அது.

இந்த ஊரில் குழந்தை பார்த்துக்கொள்வதற்கென்று ஒரு விலைவாசி உண்டு. பச்சிளம் குழந்தைக்குக் கூடுதல், ஓடியாடும் குழந்தைக்குக் கொஞ்சம் குறைவு, இரட்டைக்கு ஒன்றரைப் பங்கு, ராத்திரி விழித்தால் அது தனி. சமைக்கத் தெரிந்தால் சம்பளம் ஏறும். தங்குவதற்கு அறை கொடுத்தால் இறங்கும். வீட்டு வாடகை சம்பளத்தில் பெரும்பகுதியைத் தின்றுவிடும் ஊர் என்பதால், ஆயாக்கள் சம்பளத்தைவிட அறையைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள்.

எதிர்பார்ப்புகள் வீட்டுக்கு வீடு வேறு. வங்கி மேலாளர் வீட்டில், குழந்தையிடம் ஆங்கிலத்தில் மட்டுமே பேச வேண்டும் என்றார்கள். ஆயாவுக்குத் தெரிந்த ஆங்கிலம் காலைப் பாலோடு தீர்ந்துவிடும். மிச்சப் பொழுதெல்லாம் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். குழந்தைக்கு இன்னும் பேச்சு வரவில்லையே என்று பிறகு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனார்கள். இரட்டையர் வீட்டில், வெளிநாட்டுப் பயணம் சலுகைகளில் ஒன்று என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். பயணம் போனது உண்மை. அங்கே அவர் பார்த்தது ஒரு ஹோட்டல் அறையும் குழந்தைகள் குளிக்கிற சின்ன நீச்சல் குளமும். "கடல் எப்படி இருந்துச்சு?" என்று யாராவது கேட்டால், "சத்தம் நல்லா கேட்டுச்சு" என்பார்.

ஏழாம் மாடி வீட்டுக்காரர்கள் ஒரு பல் டாக்டரும் அவர் கணவரும். கணவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை. பெண் குழந்தை ஒன்று. பல் டாக்டர் தரச் சம்மதித்த சம்பளம் ஊர் நிலவரத்தை விடக் குறைவு. ஆனால் சமையலறைக்குப் பின்னால் ஓர் அறை உண்டு, ஆயா தன் மகளையும் அங்கே வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். மகள் அதுவரை வெளியூரில் சித்தி வீட்டில் வளர்ந்தவள். பள்ளிப் படிப்பின் கடைசி வருடம். நல்ல பள்ளிக்கூடம் இரண்டு தெரு தள்ளி இருந்தது. ஆயா உடனே சரி என்றுவிட்டார். கணவன் விட்டுவிட்டுப் போன பிறகு தாயும் மகளும் ஒரே கூரையின் கீழ் தூங்கியது அந்த அறையில்தான்.

இன்சூரன்ஸ்காரர் ஒரு நிபந்தனை வைத்தார். வேலை நேரத்தில் மகள் ஹாலுக்கு வரக்கூடாது, குழந்தையைத் தூக்கக்கூடாது. "படிக்கிற பொண்ணு, அவளுக்குத் தொந்தரவா இருக்கும்னுதான்" என்றார். யாருக்குத் தொந்தரவு என்று ஆயா கேட்கவில்லை.

மாலையில் ஆயாக்கள் குழந்தைகளோடு பூங்காவில் கூடுவார்கள். வாயில் சேதி எதுவும் தங்காததால் ரேடியோ என்று பெயர் வாங்கியவர் அங்கே மூத்தவர். ஒருநாள், தொழிலுக்குப் புதிதாக வந்த ஒரு பெண்மணி குறைபட்டுக்கொண்டார்.

"நேத்து எங்க பாப்பா தானா எந்திரிச்சு நின்னுச்சு. ஆசையா அவங்க அம்மாகிட்ட சொன்னேன். மூஞ்சி சுருங்கிப்போச்சு."

"சொல்லிட்டியா? இன்னும் ரெண்டு தடவை சொல்லு, கணக்கு முடிச்சு அனுப்பிடுவாங்க" என்றார் ரேடியோ.

"முதல் தடவை எதையும் நாம பாக்கிறதில்ல. பெத்தவங்க கண்ணுல எப்ப படுதோ அப்பதான் முதல் தடவை" என்றார் ஏழாம் மாடி ஆயா.

அவர்களுக்குள் அது எழுதாத சட்டம். பல் முளைத்தாலும் கை தட்டினாலும் வாயைத் திறக்க மாட்டார்கள். பெற்றோர் வீட்டில் இருக்கும் நாளாகப் பார்த்து, குழந்தையை வாகாக உட்காரவைத்துவிட்டுச் சமையலறைக்குள் போய்விடுவார்கள்.

ஒரு வியாழக்கிழமை பிற்பகல், ஆயா சமையலறையில் குழந்தைக்குப் பழம் மசித்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள், அறைக்குப் போகிற வழியில் ஹாலில் செருப்பு அலமாரி அருகே ஷூவைக் கழற்ற ஒரு நிமிடம் குந்தி உட்கார்ந்தாள். சோபாவைப் பிடித்து நின்ற குழந்தை கையை விட்டது, நடந்து போய் அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டது. கிண்ணத்தோடு எட்டிப் பார்த்த ஆயா, மகளைப் பார்த்து வாயில் விரலை வைத்தார்.

மறுநாள் டாக்டரிடம், "கால் நல்லா ஊனுதும்மா. ஞாயித்துக்கிழமை எங்கேயும் போகாதீங்க" என்று மட்டும் சொன்னார்.

அவர் சொன்னபடியே ஞாயிற்றுக்கிழமை குழந்தை நடந்தது. டாக்டர் அழுதுவிட்டார். இன்சூரன்ஸ்காரர் போனைத் தேடி எடுத்துவருவதற்குள் குழந்தை உட்கார்ந்துவிட்டது. அதனால் என்ன, ஹால் கேமராவில் பதிந்திருக்கும் என்றார் அவர். அந்தக் கேமரா வெகு நாளாகப் பழுதாகிக் கிடந்தது. சமீபத்தில் ஆள் வைத்துச் சரிசெய்த இன்சூரன்ஸ்காரர், ஆயாவிடம் அதைச் சொல்ல மறந்திருந்தார்.

திங்கட்கிழமை கிளினிக்கில் சாப்பாட்டு நேரத்தில் டாக்டர் ஞாயிற்றுக்கிழமைப் பதிவைத் தேடினார். கையில் முதலில் அகப்பட்டது வியாழக்கிழமைப் பதிவு.

அன்று மாலை ஆயாவை மேஜைக்குக் கூப்பிட்டு, போனில் அதை ஓட்டிக் காட்டினார்.

"ஏன்க்கா சொல்லலை?"

"சொல்லியிருந்தா, ஞாயித்துக்கிழமை நீங்க பாத்தது ரெண்டாவது ஆயிருக்கும்மா."

"இப்ப மட்டும்?"

டாக்டர் பதிவைப் பின்னால் தள்ளி மறுபடி ஓட்டினார்.

"விரலை வாயில வச்சீங்களே, அது எனக்காகவா, உங்க பொண்ணுக்காகவா?"

ஆயா யோசித்துவிட்டு, "ரெண்டு பேருக்கும்தான்" என்றார்.

இன்சூரன்ஸ்காரர் குறுக்கிட்டார். "பொண்ணு ஹாலுக்கு வரக்கூடாதுன்னு பேசினோமா இல்லையா? நீங்க இருங்க. அவளை சித்தி வீட்டுக்கே அனுப்பிடுங்க. பஸ் காசு நான் தரேன்."

"பரீட்சை வருது சார். இப்பப் போயி எந்தப் பள்ளிக்கூடத்துல சேத்துக்குவாங்க? அவ போனா நானும் போகணும்."

"அப்ப மாசக் கடைசியோட கணக்கு முடிச்சுக்கலாம்."

அறைக்குள் மகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "நான் கூப்பிடலைம்மா. அதுவா வந்துச்சு" என்றாள். "தெரியும், படி" என்றார் ஆயா.

ரேடியோ வேறு இடம் விசாரித்துக்கொண்டு வந்தார். சம்பளம் ஒன்றரை மடங்கு, அறை கிடையாது. "நாங்க ரெண்டு பேரும் எங்க படுக்கிறது, தொட்டில்லயா?" என்று கேட்டு ஆயா மறுத்துவிட்டார். அறையோடு வேலை என்றால், பிள்ளையோடு வருகிறவரை யாரும் வாசற்படி ஏற்றவில்லை.

ஏழாம் மாடிக்குப் புது ஆயாக்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் வந்தவர் குழந்தை வளர்ப்பில் சான்றிதழ் வைத்திருந்தார். இரண்டு மடங்கு சம்பளம், இருட்டினால் டாக்ஸி, வருடத்துக்கு ஒரு மாதம் சம்பளத்தோடு லீவு என்றார். "பாட்டில் கழுவுறது என் வேலை இல்லைங்க, முன்னாடியே சொல்லிடறேன்." அடுத்து வந்தவர் சம்பளத்தை அவ்வளவு உயர்த்தவில்லை. அறையை மட்டும் பார்க்க வேண்டும் என்றார். கதவைத் திறந்து காட்டினார்கள். "இது சாமான் போடுற ரூம்தானே? நான் தங்குற ரூம் எது?" என்று கேட்டார். உள்ளே மகள் மடியில் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இவங்க கேக்கிறதைக் கொடுக்கிறதுக்குப் பதிலா நம்மள்ல ஒருத்தர் வேலையை விட்டுட்டு வீட்டிலேயே இருந்துடலாம்" என்றார் இன்சூரன்ஸ்காரர்.

"யாரு?" என்று கேட்டார் டாக்டர்.

கணவர் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார்.

ஆயா இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் குழந்தைக்குச் சோறு ஊட்டினார். மறுநாள் டாக்டர் சமையலறைக்கு வந்து, "போக வேண்டாம்க்கா" என்றபோது, என்ன கேட்பது என்று அவர் முடிவுசெய்து வைத்திருந்தார்.

"பரீட்சை முடியிற வரைக்கும் எங்களைக் கிளப்பக்கூடாதும்மா. பொண்ணு சாப்பாட்டு மேஜையில படிக்கணும். ரூம்ல வெளிச்சம் பத்தலை."

"சரி."

"ரெண்டாவதா வந்தவங்க கேட்ட சம்பளத்தையே எனக்கும் கொடுத்துடுங்க."

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வாட்ச்மேனுக்குத் தெரிஞ்சிருக்கும்மா. அப்புறம் ஊருக்கே தெரியும்."

டாக்டர் சிரித்துவிட்டார். முழுவதும் தர முடியாது என்றார். ஒரு தொகைக்கு வந்து நின்றார்கள். ஆயா நினைத்ததைவிடக் குறைவு, இன்சூரன்ஸ்காரர் நினைத்ததைவிட அதிகம்.

"நானும் ஒண்ணு சொல்லணும்" என்றார் டாக்டர். "குழந்தை விழுந்தா, காய்ச்சல் வந்தா, உடனே எனக்கு போன் வரணும். அதுல ஒளிவு மறைவு கூடாது."

"கூடாதும்மா."

"கேமராவை வாசல் பக்கம் திருப்பி வைக்கச் சொல்லிட்டேன். அதைப் பாக்காமலே இருந்திருக்கலாம்னு தோணுது. மத்ததெல்லாம் எனக்குச் சொல்லாதீங்க. உங்க பொண்ணும் சொல்லக்கூடாது."

"சொல்ல மாட்டாம்மா."

அதன் பிறகு மகள் சாப்பாட்டு மேஜையில்தான் படித்தாள். குழந்தை மேஜைக்கு அடியில் உட்கார்ந்து அவள் காலுறையை உருவுவதை நானே பார்த்திருக்கிறேன். பரீட்சை முடிந்தது. தேறினாள். கல்லூரியில் சேரும் வரை அறையில் இருக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருப்பதாகக் கேள்வி. இன்சூரன்ஸ்காரர் அதைப் பற்றி இதுவரை ஒன்றும் சொல்லவில்லை.

குழந்தை முதலில் பேசிய சொல் 'அம்மா'. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சட்டை மாட்டிவிடும்போது தன்னைப் பார்த்துச் சொன்னதாக டாக்டர் கூறுகிறார். ஆயாவிடமும் கேட்டேன். "டாக்டரம்மா சொல்றதுதான் சரி" என்றார். மகளிடம் கேட்டேன். அவள் தன் அம்மா முகத்தைப் பார்த்துவிட்டு, அன்றைக்குத் தனக்குப் பரீட்சை இருந்தது, வீட்டிலேயே இல்லை என்றாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பரீட்சை வைப்பதில்லை. நான் மேற்கொண்டு கேட்கவில்லை.