மகளின் போனில் வந்த முட்டிவலித் தைலம்

போன வருஷம் என் போனில் இருந்த சிஸ்டத்தையே அழித்துவிட்டு, யாரையும் வேவு பார்க்காத வேறொன்றை ஏற்றினேன். புனேயில் பதினெட்டு வருஷமாக எனக்கு ஆப்களைச் சோதித்துப் பார்க்கும் வேலை. ஒருத்தி எங்கே போகிறாள், என்ன மாத்திரை வாங்குகிறாள் என்பதை அவை எப்படிச் சுருட்டிக்கொண்டு போகின்றன என்று தினமும் பார்த்து அலுத்துவிட்டது. இனி என்னை எவனும் பார்க்க வேண்டாம், சாமி, போதும் என்றிருந்தது.

அந்த நிம்மதி இரண்டு நாள்கூட நிற்கவில்லை. புது சிஸ்டத்தை நம்பாமல் பேங்க் ஆப் திறக்க மறுத்தது. ஆட்டோ கூப்பிடும் ஆப் சுற்றிக்கொண்டே இருந்தது. விஷ்ராந்த்வாடியில் எங்கள் அடுக்குமாடி சொசைட்டிக்கு யார் வந்தாலும், நாம் போனில் சம்மதம் கொடுத்தால்தான் வாட்ச்மேன் உள்ளே விடுவார். அந்த ஆப்பும் ஓடவில்லை. அதனாலென்ன, வீட்டில்தான் இன்னொரு போன் இருக்கிறதே! காலேஜ் போகும் மகளிடம், "கண்ணு, ஒரு ஆட்டோ போடு", "கண்ணு, என் முட்டி மாத்திரைய ஆர்டர் பண்ணிடு" என்று ஆரம்பித்தேன். அவளும் முகம் சுளிக்காமல் செய்தாள். ஆபீஸில் என் போனைக் காட்டிப் பீற்றிக்கொண்டேன், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் தன் போனை என் முகத்துக்கு நேராக நீட்டினாள். முட்டிவலித் தைலத்துக்கு விளம்பரம். அடுத்தது மாதவிடாய் நிற்கும் வயதுக்கான சத்து மாத்திரை. அதற்கும் கீழே நரைக்குப் பூசும் சாயம்.

"அரே ம்மா, என் போன் என்னை அம்பது வயசு ஆன்ட்டின்னு நெனைக்குது. கேன்டீன்ல எல்லாரும் பாத்து சிரிச்சாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை.

"உன் போன்ல போட்டியே, அத எனக்கும் போட்டுக் குடும்மா. என்னையும் யாரும் பாக்க வேணாம்."

"ஏஞ்சாமி, ரெண்டு பேரும் போட்டுக்கிட்டா கேட்ட யாரு தொறக்கறது?"

வாய் முந்திக்கொண்டது. யோசித்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். ஆனால் அதையேதான் நினைத்திருப்பேன்.

அந்த நேரம் பார்த்து அவள் போன் அடித்தது. கேட்டில் டெலிவரி ஆள் நின்றிருந்தான்.

"உன் மாத்திரை வந்திருக்கு" என்று சொல்லிவிட்டுச் சம்மதத்தை அழுத்தினாள்.

என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. என்னை மறைத்துக்கொள்ள, பெற்ற பெண்ணைக் காட்டிக்கொடுத்திருந்தேன். அன்றைக்கே அவள் போனை வாங்கி மாற்றிக் கொடுத்திருக்கலாம், ஒரு மணி நேர வேலைதான். இன்னும் செய்யவில்லை. அவளும் மறுபடி கேட்கவில்லை. நேற்றும் ஆட்டோவுக்கு அவளைத்தான் கூப்பிட்டேன்.