சித்தி காலில் அட்டை

அந்த ஞாயிற்றுக்கிழமை மலையேறப் புறப்பட்டபோது என் பொறுப்பில் மூன்று பொருட்கள் இருந்தன: தண்ணீர்ப் போத்தல், ரொட்டிப் பொட்டலம், அட்டை கடித்தால் தேய்க்க ஒரு சவர்க்காரத் துண்டு. மூன்றாவதைத்தான் நான் பெரிதாக நினைத்தேன். உச்சியில் நின்றால் சிவனொளிபாதமலை தெரியும் என்று அப்பா சொல்லியிருந்தார். அதைப் பார்த்துவிட வேண்டும் என்பது என் திட்டம்.

பெரியவர்களின் திட்டம் வேறு. கொழும்பில் புடவைக் கடையில் வேலை செய்யும் தூரத்து உறவினர் ஒருவர் இரவு ரயிலில் வட்டவளைக்கு வந்திருந்தார். மலை பார்க்க வந்ததாகப் பேச்சு. வந்தது சித்தியைப் பார்க்க. எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து அறையில் வைத்துப் பெண் காட்டிய இரண்டு இடங்கள் ஏற்கெனவே தட்டிப்போயிருந்தன. "இதுவாச்சும் அமையணும் சாமி" என்று அம்மா காலையிலிருந்து முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

பாதி வழியிலேயே அவருக்கு மூச்சு வாங்கியது. பளபளக்கும் சப்பாத்து வேறு வழுக்கியது.

"கொழும்புல மேடே இல்லீங்களா?" என்று கேட்டேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள்.

உடனே சித்தி நின்றாள். "அக்கா, கால்ல அட்டை."

எல்லாரும் உட்கார்ந்தோம். கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும் அட்டை. கொழுந்துக் கூடையோடு அதே சரிவில் ஓடி ஏறுகிறவள், அட்டையைப் பார்க்காமலே சுண்டி எறிகிறவள், மூன்றாம் முறையும் உட்கார்ந்தாள். எனக்கு அப்போதே எதையும் வரிசையாகப் பார்க்கும் பழக்கம். சவர்க்காரத்தோடு ஓடிப்போய் விரலிடுக்கு, பாதம், கணுக்கால் எல்லாம் தேடினேன்.

"அட்டையே இல்ல! சித்தி பொய் சொல்லுது!"

அம்மாவின் முகம் வெளிறிவிட்டது. சித்தி தலையை நிமிர்த்தவில்லை. அவர் என்னைப் பார்த்தார், சித்தியைப் பார்த்தார். பிறகு மெல்லத் தன் சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்தார்.

"இங்க வாங்க டாக்டரம்மா. அது எங்கிட்ட வந்துருச்சு போல. நல்லாப் பாருங்க, அவசரமே இல்ல."

அங்கேயும் தேடினேன். சித்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

ரொட்டியை அந்த இடத்திலேயே பிரித்தார்கள். உச்சிக்கு யாரும் போகவில்லை. எனக்கு அழுகையாக வந்தது.

வீட்டில் கால் கழுவும்போதுதான் என் கணுக்காலில் ரத்தம் கோடாக இறங்கியிருப்பதைக் கண்டேன். அன்று நிஜமாக அட்டை கடித்தது என்னை மட்டும்தான். இரண்டு பேரிடமும் இல்லாத ஓர் அட்டைக்காக அவ்வளவு நேரம் ஏன் உட்கார்ந்திருந்தோம் என்று, அவர் எனக்குச் சித்தப்பா ஆன பிறகும், பார்க்கும்போதெல்லாம் அவரையே கேட்டுக்கொண்டிருந்தேன்.