நாலு மணி ஆறு நிமிஷம்

எழுபதுகளின் கடைசியில் காரைக்குடி ஆய்வுக்கூடம் ஒன்றில் எனக்குக் கிடைத்தது காகித நாடாவில் துளை போடும் வேலை. மற்றவர்கள் எழுதித் தரும் புரோகிராமை அடித்து மெஷினுக்குள் ஏற்றுவேன். பீரோ அளவிருந்த அந்தக் கம்ப்யூட்டருக்காக அறைக்கு ஏ.சி. போட்டிருந்தார்கள். சித்திரையில் எல்லோருக்கும் அங்கே ஏதாவது வேலை இருக்கும்.

வேதியியல் பிரிவில் ஒக்கூர்க்காரர் ஒருவர். முலாம் பூசும் தொட்டியின் மின்னழுத்தத்தை மெஷின் பன்னிரண்டு மணி நேரம் விடாமல் குறித்துத் தர வேண்டும் அவருக்கு. காலை ஏழுக்குத் தொடங்குவார். சாயங்காலம் நாலு மணி ஆறு நிமிஷத்துக்கு ‘நேரம் தவறு’ என்று அடித்துவிட்டு மெஷின் நின்றுவிடும். மூன்று நாளும் அப்படியே.

"கரெண்டுதான் காரணம். அந்நேரம் அங்குட்டு எல்லா மோட்டாரையும் போடுறாக," என்றார். ஸ்டெபிலைசர் வைத்தும் நின்றது.

ஒரு நாள் பஸ் பஞ்சராகி, அவர் தொடங்கவே எட்டு நாற்பது. அன்றைக்கு நாலரை தாண்டியும் மெஷின் ஓடியது. சந்தோஷத்தில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். ஐந்து நாற்பத்தாறுக்கு நின்றது. அவர் முகம் தொங்கிவிட்டது.

எனக்கோ பரபரப்பு. தொடங்கி ஒன்பது மணி ஆறு நிமிஷம். விநாடியாக்கினால் 32,760. எங்கள் மெஷினின் மெமரியில் ஓர் இடத்துக்குள் 32,767 வரையிலான எண்தான் கொள்ளும். மேலே ஒன்று கூட்டினால் மைனஸாகிவிடும். விநாடிகளை எண்ணும் டிரைவர் புரோகிராம் மெஷினோடு வந்தது. அதன் அச்சுப்பிரதியைத் தேடி எடுத்தேன். எண்ணிக்கைக்கு ஒரே ஓர் இடம்தான் ஒதுக்கியிருந்தார்கள்.

"நான் திருத்திப் பாக்கட்டுமா சார்?"

"பாருங்க. இதுக்கு மேல கெட என்ன இருக்கு?"

இரண்டு இடங்களைச் சேர்த்து ஒரே எண்ணாக்கி எழுதினேன். முதல் நாடாவில் என் துளையே ஒன்று தவறிப்போனது. இரண்டாவது நாடா ஓடியது. நாலு மணி ஆறு நிமிஷத்துக்கு இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஏழாவது நிமிஷம் வந்தது. ஏழு மணிக்குச் சோதனையும் முடிந்தது.

"இனிமே எம்புட்டு நேரம் ஓட்டலாம்?"

"அறுபத்தெட்டு வருஷம் சார்."

"அடேயப்பா! அதுக்குள்ள நீங்களே ரிட்டயராயிருவீகளே!"

மறுவாரம் அடுத்த சோதனைக்கான குறிப்போடு வந்தார். அதில் புரோகிராம் இல்லை.

"ஏம்மா, இதை நீங்களே எழுதுறீகளா?" என்றார்.